ஒரு சுற்றுக்கு இரண்டு முறை

செப்டம்பர் 8

அன்புள்ள அக்கா,

நான் சுகம். இவளும் சுகம். அத்தானின் இருமல் நின்றதா? போன கடிதத்திலேயே கேட்டிருந்தேன், நீ பதில் எழுதவில்லை. கேட்ட கேள்வியைத் தாண்டிப் போவதில் உன்னை மிஞ்ச ஆளில்லை.

"போன்ல பேசினா பாதியில வச்சிடுற. லெட்டர்னா கடைசி வரைக்கும் படிச்சுத்தான் ஆகணும்" என்று நீ போட்ட சட்டத்துக்குக் கட்டுப்பட்டு எழுதுகிறேன்.

டாக்டர் சொன்னபடி சனிக்கிழமைதோறும் ஏரியைச் சுற்றி நடக்கிறேன். ஒன்பது வருடமாக அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவன் நான். சர்க்கரை வியாதி என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அங்கே நிறுத்தியது. சொல்ல மனசில்லை, ஆனால் நன்றாகத்தான் இருந்தது. முந்நூறு வருடத்துக்கு முன்னால் கூடையில் மண் சுமந்து கட்டிய கரை இன்னும் ஒரு விரல் அளவு இறங்கவில்லை. எங்கள் அலுவலகக் கூரை போன வருடம் போட்டது, வரைபட மேசைக்கு நேர்மேலே ஒழுகுகிறது.

அந்தச் சந்தோஷத்திலும் மண் விழுந்தது. நான்கு வாரமாக உன் செல்லத் தம்பி வருகிறான். நம் சின்னவன்தான். ஊரில் நடப்பதற்கு வேறு இடமே கிடைக்கவில்லை போலிருக்கிறது. நான் ஏரி வாசல் கேட்டைத் தாண்டிக் கிளம்பும்வரை அங்கேயே நின்றுகொண்டிருப்பான். நான் இடப்பக்கம் திரும்பினால் அவன் வலப்பக்கம் திரும்புவான். வட்டத்தில் எதிரெதிராக நடக்கும் இரண்டு பேர் என்ன ஆவார்கள் என்று அவனைப் போன்ற நீர்ப்பாசன இலாகா இன்ஜினீயருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏரிக்கு அந்தக் கோடியில் மதகுக்குப் பக்கத்தில் ஒரு முறை, திரும்பவும் கேட்டில் ஒரு முறை. ஒரு சுற்றுக்கு இரண்டு முறை அந்த முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. வேண்டுமென்றே செய்கிறான்.

அத்தானுக்கு என் அன்பு.

உன் தம்பி


செப்டம்பர் 21

அன்புள்ள தம்பி,

அத்தானுக்கு இருமல் நின்றுவிட்டது. இப்போது தும்மல். உன் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று எண்ணோடு எழுது. "பரவாயில்லை" என்பது எண் இல்லை. முப்பத்தாறு வருடமாக மருந்து எண்ணிக் கொடுப்பவளிடம் மழுப்பாதே.

ஒரு சேதி. பிப்ரவரி கடைசியோடு ஆஸ்பத்திரி மருந்தகத்திலிருந்து ஓய்வு பெறுகிறேன். அத்தான் எங்கேயாவது போகலாம் என்கிறார். எனக்கு ஒரே ஒரு ஆசைதான். ஏப்ரலில் அங்கே வந்து, ஒரு சனிக்கிழமை ஏரியை முழுதாக ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். ஒரு பக்கம் நீ, மறுபக்கம் அவன். ஒருத்தனோடு காலையில், இன்னொருத்தனோடு சாயங்காலம் என்று ஏற்பாடு செய்யலாமே என்று நீ எழுதுவாய். வேண்டாம். அப்படியானால் நான் வரவில்லை. கோபத்தில் சொல்லவில்லை, இரண்டு சுற்றுக்கு என் கால் தாங்காது.

அவன் அப்படி என்ன செய்தான், ஒரு பலகையைத் திருத்தினான், அவ்வளவுதானே?

அக்கா


அக்டோபர் 6

அன்புள்ள அக்கா,

நலமாக இருக்கிறோம். சர்க்கரை வெறும் வயிற்றில் நூற்று முப்பத்தெட்டு. எண் கேட்டாய், கொடுத்துவிட்டேன். எண்களை மதிக்கிற ஆட்கள் நம் குடும்பத்தில் இரண்டு பேராவது இருக்கட்டும்.

"அவ்வளவுதானே" என்று எழுதியிருக்கிறாய். நீ அன்றைக்கு அங்கே இல்லை. ஒன்பது வருடத்துக்கு முன், ஏரிக்கு முந்நூறு வயது ஆனதைக் கொண்டாட, கேட் அருகே பலகை வைத்தார்கள். வரைபடம் என் கையால் வரைந்தது. எங்கள் அலுவலக இழுப்பறையில் துணியில் ஒட்டிய பழைய வரைபடம் ஒன்று உண்டு. அதைப் பார்த்து நாற்பது நாள் உட்கார்ந்தேன். கீழே "கரையின் சுற்றளவு 5,210 மீட்டர்" என்று எழுதினேன். திரையை விலக்கினார்கள். கைதட்டல் அடங்கவில்லை, முன்வரிசையிலிருந்து உன் தம்பி எழுந்து, "அண்ணா, அது தப்பு. 4,870. நான் சக்கரம் உருட்டி அளந்திருக்கேன்" என்றான். யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் மேலதிகாரி இன்றைக்கும் லிஃப்டில் என்னைப் பார்த்தால் "என்ன சார், முந்நூத்தி நாப்பது மீட்டர் கிடைச்சுதா?" என்கிறார். ஒரு வாரத்தில் என் எண்ணின் மேல் பெயிண்ட் அடித்து அவன் எண்ணை எழுதினார்கள்.

அந்த முந்நூற்று நாற்பது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். வாய்க்கால் வந்து ஏரியில் விழும் முனையில் தண்ணீர் உள்வாங்கி நிற்கிறதே, அந்த மடிப்பைச் சுற்றிப் போகும் சேற்றுப் பாதையில்தான். பழைய வரைபடம் போட்ட ஆள் அதைச் சுற்றி நடந்து அளந்தான். இவன் முப்பது வருடத்துக்கு முன் போட்ட நடைபாலத்தில் ஏறிக் குறுக்கே சக்கரத்தை உருட்டிவிட்டான். ஏரி என்றால் கரை. பாலம் கரையா? நீயே சொல்.

அதனால் நான் பாலத்தில் கால் வைப்பதில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் சேற்றைச் சுற்றித்தான் போகிறேன். வாசலில் செருப்பைப் பார்த்துவிட்டு இவள், "ஏரிய சுத்துனீங்களா, இல்ல உழுதுட்டு வந்தீங்களா?" என்கிறாள்.

மற்றபடி நேற்று நல்ல நடை. லேசான பனி. நீர்க்கோழி ஒன்று ஆறு குஞ்சுகளோடு எனக்கு முன்னால் பாதையைக் கடந்தது. அது கடந்து முடியும்வரை நின்றேன். படகு வாடகைக்கு விடுபவர் துடுப்புகளுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். "தினம் வாங்க சார், சனிக்கிழமை மட்டும் வந்தா ஏரி கோவிச்சுக்கும்" என்றார். சிரித்துவிட்டேன். மதகுத் திட்டில் உட்கார்ந்து ஒரு ஆரஞ்சு தின்றேன்.

கேட்டுக்கு வந்தால் உன் தம்பி பெஞ்சில் காலைத் தூக்கி வைத்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருக்கிறான். ஒவ்வொரு வாரமும் இதே கதை. அணை கட்டுகிற இன்ஜினீயருக்கு ஒரு முடிச்சு நிற்கவில்லை.

உன் தம்பி


அக்டோபர் 19

அன்புள்ள தம்பி,

நூற்று முப்பத்தெட்டு பரவாயில்லை. ஆரஞ்சு ஒன்றோடு நிறுத்து.

பாலம் கரையா என்று கேட்டிருக்கிறாய். பாலம் இல்லாத காலத்தில் நாம் மூன்று பேரும் அந்த முனையைச் சுற்றிப் போனது நினைவிருக்கிறதா? சேறு என்றால் சின்னவன் காலைக் கீழேயே வைக்கமாட்டான். நீதான் முதுகில் ஏற்றிக்கொள்வாய். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்த அன்றைக்கும் ஏற்றிக்கொண்டாய்.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. அங்கேயும் காலையில் குளிரும். நீயும் அவனைப் போல ஒரு சாம்பல் நிறக் கம்பளித் தொப்பி வாங்கிப் போட்டுக்கொள். காது மூடியிருக்கட்டும்.

ஏப்ரலுக்கு டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை. எதற்காகக் காத்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியும்.

அக்கா


அக்டோபர் 27

அக்கா,

நலம்.

அவன் தொப்பியைப் பற்றி நான் உனக்கு எழுதவே இல்லை. அது சாம்பல் நிறம் என்று உனக்கு யார் சொன்னது?

அவனும் உனக்கு எழுதுகிறான். எத்தனை நாளாக? நான் சனிக்கிழமை ஏரிக்குப் போகிறேன் என்று அவனுக்குச் சொன்னதே நீதானா? இரண்டு பக்கமும் கடிதம் வாங்கிப் படித்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்து நியாயம் சொல்வது நல்ல வேலைதான். ஓய்வு பெற்ற பிறகு பொழுது போகும்.

தம்பி


டிசம்பர் 22

அன்புள்ள அக்கா,

எட்டு வாரமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. நானும் எழுதவில்லை என்று சொல்வாய். நான் எழுதாததற்குக் காரணம் இருந்தது.

இங்கே எல்லோரும் சுகம். இவளுக்கு நூலகத்தில் வருட இறுதிக் கணக்கெடுப்பு. காணாமல்போன புத்தகங்களின் பட்டியலை வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பிடும்போது சத்தமாக வாசிக்கிறாள்.

ஏரி இப்போது மிக வசதியாக இருக்கிறது. மூன்று வாரமாகப் பாதையில் எதிரே யாரும் இல்லை. மதகுவரை நிம்மதியாக நடந்தேன். கேட்டில் பெஞ்ச் காலி. நானே உட்கார்ந்துகொண்டேன். முதல் வாரம் அருமையாக இருந்தது. இரண்டாவது வாரமும் குறை சொல்வதற்கில்லை. நேற்று மதகருகே கொஞ்ச நேரம் நின்றேன். காற்று நன்றாக வருகிறது அங்கே. இருபது நிமிடம் இருக்கும்.

சின்னவன் வேலையாக வெளியூர் போயிருக்கிறானோ? சும்மா ஒரு தகவலுக்காகக் கேட்கிறேன். பாதையில் கூட்டம் எப்படி இருக்கும் என்று திட்டமிட உதவும்.

நான் தொப்பி வாங்கிவிட்டேன். பழுப்பு நிறம்.

அன்புடன்,
உன் தம்பி


ஜனவரி 4

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் வந்தது. நாங்கள் நலம். இங்கே மூன்று நாளாக மழை. அத்தான் பால்கனிக் கதவுக்கு எண்ணெய் போட்டார். அது இன்னும் அதிகமாகக் கிறீச்சிடுகிறது. பழுப்பு உனக்குப் பொருந்தும்.

நடையை நிறுத்திவிடாதே.

அக்கா


ஜனவரி 12

அக்கா,

கேட்ட கேள்விக்குப் பதில் எங்கே?

நேற்றும் வரவில்லை. இது ஆறாவது வாரம். படகுக்காரரைக் கேட்டேன். "யாரு சார், உங்களுக்கு எதிர்ல வருவாரே, அவரா? உங்க தம்பின்னு அவர்தான் சொன்னாரு. நான் உங்ககிட்டயே கேக்கலாம்னு இருந்தேன்" என்கிறார். என்ன பதில் சொல்வது? தெரியாது என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தார். வீட்டுக்கு வந்து இவளிடம் சொன்னால், "பஸ்ல போனா கால் மணி நேரம். இதுக்கு அக்காவுக்கு லெட்டர் எழுதி, அங்கேயிருந்து பதில் வரணுமாக்கும்!" என்கிறாள்.

மழையும் பால்கனிக் கதவும் எனக்கு வேண்டாம். அவனுக்கு என்ன?


ஜனவரி 19

அன்புள்ள தம்பி,

இப்போதுதான் ஒழுங்காகக் கேட்டிருக்கிறாய். போன முறை நீ கேட்டது பாதையில் கூட்டம் எவ்வளவு என்று. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பயப்படாதே. கண்ணில் புரை. இரண்டு கண்ணும் ஒன்றன்பின் ஒன்றாக அறுவை செய்தார்கள். நன்றாக முடிந்தது. தூசி, வெயில் கூடாது. குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. பிப்ரவரி எட்டாம் தேதி முதல் மெதுவாக நடக்கலாம் என்றிருக்கிறார்கள். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். "அண்ணா பரிதாபப்பட்டுப் பேசறதுக்கு, கோபமா இருக்கறதே மேல்" என்றான். சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். நீயாகக் கேட்டால் சொல்வேன் என்றும் சொல்லிவைத்தேன்.

ஆமாம், நீ நடக்கப் போகிறாய் என்று அவனுக்கு எழுதியது நான்தான். போ என்று சொன்னதும் நான்தான். ஆனால் எதிர்ப்பக்கமாக நடக்கச் சொன்னது நானில்லை. அவனைப் பற்றி நீ எழுதிய முதல் கடிதத்தைப் படித்துவிட்டு அவனுக்குப் போன் போட்டுத் திட்டினேன். "ஏன்டா, அவன் போற பக்கமே நீயும் போனா என்ன? எதுக்கு எதிர்ல போய் நிக்கற?" அதற்கு அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"அதே பக்கம் போனா முதுகைத்தான்க்கா பாக்கணும். எதிர்ல போனா ஒரு சுத்துக்கு ரெண்டு தடவை மூஞ்சியப் பாக்கலாம்ல."

ஷூ லேஸைப் பற்றியும் கேட்டேன். அவன் பாலத்தில் வருவதால் உனக்கு முன்னாடியே கேட்டுக்கு வந்துவிடுகிறான். நீ வந்து சேர்வதற்கு நாலு நிமிடம் ஆகிறது. அதுவரை ஏதாவது செய்ய வேண்டாமா என்றான்.

டிக்கெட் எடுக்கட்டுமா?

அக்கா


பிப்ரவரி 9

அன்புள்ள அக்கா,

எல்லோரும் சுகம். இந்தக் கடிதத்தை மூன்று தரம் எழுதிக் கிழித்தேன். இதை அனுப்பிவிடுகிறேன்.

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. கோபம். அவன் பேரிலா, உன் பேரிலா, என் பேரிலா என்று பிரித்துப் பார்க்கவே ஒரு வாரம் ஆனது.

நேற்று எட்டாம் தேதி. ஏழு மணிக்கே போய்விட்டேன். கேட்டில் அவன் நின்றிருந்தான். கறுப்புக் கண்ணாடி, சாம்பல் தொப்பி. கொஞ்சம் இளைத்திருக்கிறான். பேசிவிடலாம் என்றுதான் போனேன். வாய்வரைக்கும் வந்தது. ஆனால் ஒன்பது வருடத்துக்குப் பிறகு முதல் வார்த்தையாக எதைச் சொல்வது? நீயாக இருந்தால் "சாப்பிட்டியா"வில் தொடங்கியிருப்பாய். எனக்கு வரவில்லை. வழக்கம்போல இடப்பக்கம் திரும்பினேன். அவன் வலப்பக்கம் போனான்.

நடந்துகொண்டே ஒரு முடிவுக்கு வந்தேன். பேச்சு வராவிட்டால் என்ன, இன்றைக்குப் பாலத்தில் ஏறிப் போவது. நடுப்பாலத்தில் அவன் எதிரே வருவான். நான் பாலத்தில் நிற்பதைப் பார்த்தால் அவனுக்குப் புரியும். புரியாவிட்டால் அவன் இன்ஜினீயரே இல்லை. அவன் மெதுவாகத்தான் வருவான் என்பதால் மதகில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு, கணக்காக நேரம் பார்த்துக் கிளம்பினேன்.

பாலத்தில் ஏறினேன். மரப்பலகை மாற்றிக் கம்பித் தளம் போட்டிருக்கிறார்கள். நடுவில் போய் நின்றேன். எதிரே யாரும் இல்லை. ஐந்து நிமிடம். பத்து நிமிடம். திரும்பிப் போய்விட்டானோ, கண் வலிக்கிறதோ என்று எதிர்க்கரையையே எட்டி எட்டிப் பார்த்தேன். அப்போதுதான் உள்ளே, வாய்க்கால் முனைப் பக்கம் பார்வை போனது.

சேற்றுப் பாதையில், அக்கா. கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு கையால் நாணல் புதரைப் பிடித்தபடி, ஒவ்வொரு அடியாக வைத்து வந்துகொண்டிருந்தான். பாலத்தை விட்டுவிட்டு என் பாதையில்.

ஒன்பது வருடத்துக்குப் பிறகு நான் பேசிய முதல் வார்த்தை இதுதான். ஏரி முழுக்கக் கேட்டிருக்கும்.

"டேய்! வழுக்கும்டா! நில்லு அங்கேயே!"

நிமிர்ந்து பார்த்தான். "அண்ணா? நீ ஏன் பாலத்துல நிக்கற?"

"நீ ஏன்டா சேத்துல நிக்கற? கண்ணு ஆபரேஷன் பண்ணிட்டு வந்து வாய்க்கால்ல விழணுமா?"

"உன் முந்நூத்தி நாப்பது மீட்டர் இருக்கான்னு பாக்க வந்தேன்!"

"இருக்கா?"

"இருக்கு! அதுக்கு மேலயும் இருக்கும் போல!"

ஓடினேன் என்று எழுதினால் நம்பமாட்டாய். வேகமாக நடந்தேன் என்று வைத்துக்கொள். போய்ச் சேர்ந்தபோது எனக்கு மூச்சு வாங்கியது, அவனுக்குச் சிரிப்பு. கீழே பார்த்தேன். அவன் வலது ஷூ லேஸ் நிஜமாகவே அவிழ்ந்து சேற்றில் இழுபட்டுக்கொண்டிருந்தது. "குனியக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்" என்று ஏதோ குற்றம் செய்தவன் மாதிரிச் சொன்னான்.

முழங்கால் போட்டு உட்கார்ந்து கட்டிவிட்டேன். இரட்டை முடிச்சு. வேட்டி முழுக்கச் சேறு. இவள் வாசலில் பார்த்துவிட்டு வாளியை மட்டும் எடுத்து வைத்தாள்.

முதுகில் ஏற்றிக்கொள்ளவில்லை. எனக்கு ஐம்பத்துமூன்று வயது, அவனுக்கு எண்பத்திரண்டு கிலோ. தோளைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன்.

டிக்கெட் எடு.

உன் தம்பி

பி.கு. அவன் அன்றைக்கு எல்லோர் முன்னாலும் எழுந்து சொன்னது தப்பு என்பதில் என் கருத்து மாறவில்லை. அதை அவனிடமும் சொன்னேன். "தப்புதான்" என்றான். ஒன்பது வருடமாக எதிர்பார்த்த வார்த்தை. கேட்டதும் என்ன செய்வது என்று தெரியாமல் அவனுக்கு ஒரு ஆரஞ்சு கொடுத்தேன்.


பிப்ரவரி 20

அன்புள்ள தம்பி,

உங்கள் இரண்டு பேரின் கடிதங்களும் ஒரே தபாலில் வந்தன. அவன் கடிதத்தில் நீ ஓடினாய் என்றுதான் இருக்கிறது.

டிக்கெட் எடுத்துவிட்டேன். ஏப்ரல் பத்தாம் தேதி. பலகையில் இப்போது எந்த எண் இருக்கிறது? நான் வருவதற்குள் சரியான எண் எதுவென்று முடிவு செய்து வையுங்கள். நான் நடக்கப் போகிற தூரம் எனக்குத் தெரிய வேண்டும்.

அக்கா


மார்ச் 16

அன்புள்ள அக்கா,

இங்கே எல்லோரும் சுகம். சர்க்கரை நூற்றுப் பதினெட்டு. சின்னவன் கண் தெளிவாகிவிட்டது. என் தொப்பி பழுப்பு இல்லை, துருப்பிடித்த நிறம் என்கிறான். பார்வை இல்லாதபோதே நன்றாக இருந்தான்.

பலகையில் அவனுடைய 4,870-தான் இன்னும் இருக்கிறது. ஆனால் காலை வெயில் சாய்வாக விழும்போது பெயிண்டுக்கு அடியிலிருந்து என் 5,210 மேலே தெரிகிறது. அவன்தான் காட்டினான். இத்தனை மாதமாகப் பெஞ்சில் உட்கார்ந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தானாம்.

நீ கேட்டபடி நேற்று அளந்தோம். அவன் அலுவலகத்திலிருந்து அளவுச் சக்கரம் கொண்டுவந்தான். எண் காட்டும் பெட்டி உடைந்துவிட்டது. ஒரு மீட்டருக்கு ஒரு முறை டிக் என்று சத்தம் மட்டும் கேட்கும், நாம்தான் எண்ண வேண்டும். ஒரே பக்கமாக, இடப்பக்கமாகப் போனோம். எந்தப் பக்கம் என்பதில் மட்டும் பத்து நிமிடம் சண்டை. அவன் உருட்டினான், நான் எண்ணினேன். சேற்றையும் சுற்றினோம், பாலத்தில் ஏறியும் தனியாக உருட்டினோம். எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொண்டு வந்தேன். படகுத்துறையைத் தாண்டும்போது எண்ணிக்கை மூவாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு.

அங்கே வைத்து, "அண்ணா, உங்க மேலதிகாரி இன்னும் லிஃப்ட்ல அப்படித்தான் கேக்கறாரா?" என்றான்.

உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அக்கா எழுதினாள் என்றான். நான் அந்த ஆளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அவன் அவனுடைய மேலதிகாரியைப் பற்றிச் சொன்னான். என்னுடையவரைவிட மோசம். ஒழுகும் கூரை, ஒன்பது வருடம், அவன் மகள் படிப்பு, இவளுடைய காணாமல்போன புத்தகங்கள் என்று போய்க்கொண்டே இருந்தது. திடீரென்று பார்த்தால் கேட் வந்துவிட்டது. சக்கரம் டிக் டிக் என்று உருண்டுகொண்டேதான் இருந்திருக்கிறது.

"எவ்வளவு?" என்றான்.

தெரியவில்லை.

ஏப்ரலில் வா. எண்ணும் வேலை உன்னுடையது. எங்களுக்குப் பேச வேண்டியது நிறைய இருக்கிறது.

உன் தம்பிகள்